கொல்லைக் கணக்கு: பங்குனி மாதத்துப் புழக்கடையில் நிகழும் நான்கு செய்கைகள் குறித்து

தமிழில் குப்பை அகற்றும் வேலைக்கு இரண்டு வினைச்சொற்கள் வழங்குகின்றன. ஒன்று கூட்டுதல், மற்றொன்று பெருக்குதல். இரண்டும் கணக்குப் பாடத்தில் எண்ணை வளர்க்கும் செய்கைகள். இருப்பதைக் குறைக்க ஏற்பட்ட வேலைக்கு, இருப்பதை வளர்க்கும் சொற்களைத் தமிழர் ஏன் வைத்தனர் என்ற கேள்வி, ஒரு பங்குனிக் காலையில் ஆறு மணிக்கு, வேப்பமரத்தடியில், துடைப்பமும் கையுமாக நின்றிருந்தபோது இவ்வாய்வாளருக்கு எழுந்தது. அந்த இடத்தில், அந்த நேரத்தில் வேறு கேள்வி எழ வழியில்லை.

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும் என்பார்கள். சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் சேர்ப்பதால் கூட்டுதல் ஆயிற்றாம். விளக்கம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் பங்குனியில் சருகு வாரிய கை தந்த விளக்கமாகத் தெரியவில்லை. வாரியவர் அறிவார்: ஆறு மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், தொடங்கும்போது கிடந்ததைவிட அதிகச் சருகு தரையில் கிடக்கும். ஆகவே அச்சொல் உவமையும் அன்று, ஆகுபெயரும் அன்று. முன்னோர் கண்ணால் கண்டதைக் கணக்காகச் சொல்லிவைத்திருக்கிறார்கள். வீட்டைக் கூட்டிப் பெருக்கு என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது அது கட்டளை போலக்கூட ஒலிப்பதில்லை, எச்சரிக்கை போல ஒலிக்கிறது.

இக்கட்டுரையின் கருதுகோள் பின்வருமாறு: இளவேனிலை ஒட்டி வீட்டுக் கொல்லையில் நடக்கும் வேலை எதுவானாலும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்னும் நான்கினுள் அடங்கும். அவற்றுள் எதுவும் பள்ளிக்கூடத்தில் வந்த விடையைத் தராது.

களமும் காலமும்

ஆய்வுக் களம் திருச்சியில், பழைய குடியிருப்பு ஒன்றில், வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் இரண்டு சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பத்திரத்தில் இந்தத் தசமப் புள்ளிக்குப் பிறகு வரும் ஆறு எங்கே இருக்கிறது என்று அளந்து பார்த்ததில், அது துவைக்கிற கல்லுக்குப் போய்விட்டது தெரிந்தது. எஞ்சிய இடத்தில் வேப்பமரம் ஒன்று, தென்னை ஒன்று, முருங்கை ஒன்று, கறிவேப்பிலை, மல்லிகைப் புதர், செம்பருத்தி, யாரும் நடாமலே வந்து உட்கார்ந்துவிட்ட வாழைக் குடும்பம்.

ஆய்வாளர் வங்கியில் முப்பது வருடம் பேரேடு பார்த்தவர். பற்றும் வரவும் பொருந்தாத இடத்தில் அவருக்குத் தூக்கம் வராது. நெறியாளர் அவர் மனைவி. சமையலறைச் சன்னலிலிருந்து நெறிப்படுத்துகிறார். புறத்தேர்வாளர், மதிலுக்கு அந்தப்புறம் வசிக்கும் பெரியம்மா. உறவு ஒன்றுமில்லை, வயதினால் பெரியம்மா. தினமும் காலை ஆறரைக்கு மதிலுக்கு மேல் அவர் தலை தெரியும். “என்ன தம்பி, இன்னிக்குக் கூட்டலியா?” என்று கேட்பார். கூட்டத் தொடங்கி அரை மணி ஆகியிருக்கும்.

காலத்தைப் பற்றி ஒரு சிக்கல் உண்டு. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது தமிழ் மரபு. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆக, இலக்கணப்படி பார்த்தால் இந்த ஆய்வு முழுவதும் பின்பனிக் காலத்தில் நிகழ்ந்திருக்கிறது. பங்குனி மாதத்துத் திருச்சியில் பனியில் நனைந்தவர் யாரேனும் இருந்தால் சான்றுடன் முன்வரலாம். இவ்வாய்வாளர் நனைந்தது வேறொன்றில். ஆனாலும் தொல்காப்பியர் பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் சேர்த்துத்தான் பொழுது வகுத்திருக்கிறார். பாலை, பிரிவின் திணை. இலை மரத்தைப் பிரியும் மாதம் அதில் வந்து விழுவது பொருத்தந்தான் என்று சமாதானம் செய்துகொண்டு மேலே செல்வோம்.

கூட்டல்

வேம்பு இலை உதிர்ப்பதற்குத் தாவரவியல் சொல்லும் காரணம் நியாயமானதே. மழை இல்லாத மாதங்களில் இலை வழியே ஆவியாகிப் போகும் தண்ணீரை மிச்சம் பிடிக்க மரம் பழைய இலைகளைக் கைவிடுகிறது. காம்பின் அடியில் மெல்லிய உதிர்படலம் ஒன்று உண்டாகிறது. இலையிலிருந்து வரும் ஆக்சின் குறைந்து எத்திலீன் மேலோங்க, அந்தப் படலத்துச் செல்கள் ஒன்றையொன்று விட்டுவிடுகின்றன. பிறகு ஒரு காற்று போதும். மரத்தின்மேல் குறை சொல்ல இடமில்லை. குறை எண்ணிக்கையில் இருக்கிறது.

வேம்பின் இலை ஒற்றை இலை அன்று. நடு ஈர்க்கின் இருபுறமும் இருபது முதல் முப்பது வரை சிற்றிலைகள் கொண்டது. தாவரவியலார் அவ்வளவையும் சேர்த்து ஓர் இலை என்று எண்ணிக்கொள்கிறார்கள். துடைப்பத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. விழுந்து காய்ந்ததும் சிற்றிலை ஒவ்வொன்றும் தனியே கழன்றுகொள்கிறது. நடு ஈர்க்கு தனியே கிடக்கிறது. ஓர் இலை விழுந்த இடத்தில் முப்பத்தொரு சருகு. இப்படிப்பட்ட இலைக்குத் தமிழ்ப் பாடநூல்கள் வைத்த பெயர் கூட்டிலை. கூட்டுவதற்கென்றே அமைந்த இலை என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் காண இவ்வாய்வாளர் ஒருப்படவில்லை.

பெயராய்வில் இன்னும் சிறிது தங்கலாம். 1753இல் லின்னேயஸ் இதை மீலியா என்னும் பேரினத்தில் சேர்த்து, அசாடிராக்டா என்று அடைமொழி கொடுத்தார். பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர் ஜூஸியூ, அடைமொழியையே பேரினம் ஆக்கி அசாடிராக்டா இண்டிகா என்றார். அச்சொல் பாரசீகத்திலிருந்து வந்தது: ஆசாத் என்றால் சுதந்திரம், திரக்த் என்றால் மரம். சுதந்திர மரம். இதை அறிந்த பிறகுதான் பல விஷயங்கள் விளங்கின. நம் மரத்தின் இலை நம் கொல்லையில்தான் விழ வேண்டும் என்று அதற்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை. மரம் சற்றே கிழக்கே சாய்ந்தது. மதில் கிழக்கே இருக்கிறது. மதிலுக்கு அப்பால் பெரியம்மா இருக்கிறார். உதிர்வதில் பாதிக்குமேல் அவர் பக்கம். அதற்காக அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. தம் பக்கத்தைத் தாமே கூட்டிக்கொள்வார். பங்குனி பாதிக்குமேல் ஆனதும் மதிலோரமாகப் பழைய வேட்டி ஒன்றை விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்துவிடுவார். சருகு மண்ணில் படாமல் அப்படியே சுருட்டி எடுக்க எளிய உத்தி என்று வியந்து, அதைக் குறிப்பேட்டில் பதிந்துகொண்டோம்.

கருவியைப் பற்றிச் சொல்லாமல் செயலைப் பற்றிச் சொல்வது முறையன்று. சென்னையில் அது துடைப்பம். மதுரைப் பக்கம் விளக்குமாறு. கொங்கு நாட்டில் சீமாறு. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் வாரியல். தமிழ்நாட்டில் மொழியால் ஒன்றுபட்டவர்களைத் துடைப்பம் இத்தனை வட்டாரமாகப் பிரிக்கிறது. ஆனால் எல்லா வட்டாரத்திலும் அதை ஒருவர்மேல் ஓங்கினால் பொருள் ஒன்றுதான். கொல்லைக்கு ஆவது தென்னை ஈர்க்கினால் கட்டியதே. வீட்டுக்குள் உழைக்கும் பூந்துடைப்பம் வேப்பஞ்சருகைக் கண்டால் தலையை விரித்துப் போட்டுக்கொள்ளும். வளர்ந்த தென்னை மாதத்துக்கு ஒன்று வீதம் ஆண்டுக்குப் பன்னிரண்டு ஓலையாவது விடுகிறது. அத்தனையும் ஒருநாள் மட்டையாகக் கீழே வந்தாக வேண்டும். ஓர் ஓலையில் 200 முதல் 250 ஈர்க்கு. ஏறத்தாழ, மட்டைக்கு ஒரு துடைப்பம். விழும் குப்பையே குப்பை வாரும் கருவியாகும் இந்த ஏற்பாட்டை, பொருளாதார அறிஞர்கள் கவனத்துக்கு வைக்கிறோம். அதைச் சீவிக் கட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் கடையில் காசு கொடுத்து வாங்குவது தனி ஆய்வுக்குரியது.

முறையியலில் இரண்டு பள்ளிகள் உண்டு. மதிலோரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவருவது ஒன்று. வாசற்படியிலிருந்து மதிலோரத்துக்குத் தள்ளுவது மற்றொன்று. முதலாவது பெண்கள் பின்பற்றுவது, ஏனென்றால் அவர்கள் பிறகு அதை அள்ளப் போகிறார்கள். இரண்டாவது ஆண்கள் பின்பற்றுவது. இவ்வாய்வாளர் இரண்டாம் பள்ளியில் வளர்ந்து, நெறியாளரின் தலையீட்டால் முதலாம் பள்ளிக்கு மாறியவர்.

“காத்துக்கு எதிரே கூட்டினா எப்படி? காத்து அடிக்கிற பக்கமாக் கூட்டுங்க.”

“காத்து எந்தப் பக்கம் அடிக்குது?”

“நீங்க கூட்டுற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்.”

இந்த விடையில் ஒரு நிலைத்த உண்மை இருக்கிறது. திசையை மாற்றிப் பார்த்தோம். காற்றும் மாற்றிக்கொண்டது.

அளவையியலிலும் முயன்றோம். மரத்தடியில் ஒரு முழத்துக்கு ஒரு முழம் சுண்ணாம்புக் கோடு கிழித்து, உள்ளே விழுந்த சருகை எண்ணத் தொடங்கினோம். பழைய தமிழ் வாய்பாட்டில் முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. அந்த நுட்பம் வரை எண்ணிவிட வேண்டும் என்பது ஆசை. நூற்றைத் தாண்டியபோது கோட்டின்மேல் ஒரு சருகு வந்து சரிபாதியாகப் படுத்தது. அது உள்ளா, வெளியா என்று யோசிப்பதற்குள் கோடே தெரியாமல் போயிற்று.

இனி, கூட்டியதை என்ன செய்வது? கொளுத்துவது பழைய வழக்கம். தோட்டக் கழிவைத் தனியே, சொந்த வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும், பொது இடத்தில் எரிக்கலாகாது என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் எழுதிவைத்தன. மூடாக்குப் போடுவதே அறிவுடையோர் கண்ட வழி. அதாவது, செடியின் தூரைச் சுற்றிச் சருகைப் பரப்பிவிட்டால் வெயில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சாது, களையும் அடங்கும், மக்கினால் உரம். வேம்பின் குணம் வேறு சும்மா இல்லை. யூரியாவில் உள்ள நைட்ரஜன் மண்ணில் சீக்கிரம் வீணாகாமல் இருக்க அதன்மேல் வேப்பெண்ணெய் பூசுவதை 2015இல் இந்திய அரசே கட்டாயமாக்கியது. இப்படியெல்லாம் படித்தபின் கூட்டிய சருகை எல்லாம் கூடையில் சுமந்துபோய் மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் அடியில் பரப்பினோம். அன்று மாலை காற்றடித்தது. மறுநாள் காலை அதே சருகு, அறிமுகமான முகத்தோடு, வாசற்படியில். ஒரே எண்ணை நாள்தோறும் கூட்டும் இம்முறைக்கு வங்கியில் வேறு பெயர் உண்டு; அதற்காக வேலையும் போகும்.

வேப்பங்கொட்டையின் பூஞ்சைக்கொல்லித் திறனுக்கு வெளிநாட்டில் காப்புரிமை வாங்கியதை எதிர்த்து நடந்த வழக்கை நாடறியும். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2000இல் அதை ரத்து செய்தது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடி ஆயிற்று. வேம்பின் எண்ணெய்க்கும் கொட்டைக்கும் பட்டைக்கும் உரிமை கொண்டாட ஆள் உண்டு. சருகுக்கு உரிமை கேட்டு இன்றுவரை யாரும் வந்ததாகத் தெரியவில்லை. வந்தால், பங்குனிக்குள் வரட்டும்.

கழித்தல்

கிளை வெட்டுவதைக் கழித்தல் என்பது நம்மவர் வழக்கு. “முருங்கையைக் கழிச்சு விடணும்” என்றால் கிளையைத் தறிக்க வேண்டும் என்று பொருள். ஆகவே கழித்தல் என்னும் சொல்லாவது கணக்கோடு ஒத்துப்போகும் என்று நம்பி இப்பகுதியில் இறங்கினோம்.

முன்னோடி ஆய்வுகளைப் பார்வையிடும் நோக்கில், பழைய புத்தகக் கடையில் கிடைத்த இங்கிலீஷ் தோட்டக்கலைப் புத்தகம் ஒன்றைப் படித்தோம். வெள்ளைக்காரர்கள் இதில் நீண்ட அக்கறை உள்ளவர்கள். சென்னையிலேயே 1835இல் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஒன்றை நிறுவிவிட்டார்கள். புத்தகம் இங்கிலாந்தில் எழுதியது. வசந்த காலத்தில் தோட்டக்காரன் செய்ய வேண்டியவற்றை வாரவாரியாக அடுக்கியிருந்தது. கடைசி உறைபனி விழுந்து முடிந்ததா என்று உறுதிசெய்துகொண்டு பிறகு விதைக்கவும் என்றது முதல் பக்கம். திருச்சியில் உறைபனி முடிந்துவிட்டதா என்று நெறியாளரைக் கேட்டோம். முடிந்துவிட்டது, குளிர்பதனப் பெட்டியை நேற்றுத்தான் துடைத்தேன் என்றார்.

அடுத்த பக்கம், புதர்ச் செடிகளை வசந்தத்தின் தொடக்கத்தில் கவாத்து செய்யவும் என்றது. கொல்லையில் புதர்ச் செடி என்று சொல்லத்தக்கது மல்லிகை ஒன்றுதான். பங்குனி முதல் வாரம், கத்தரிக்கோலும் கையுமாகப் போய், முழங்கால் உயரத்துக்கு வெட்டி நேர்த்தி செய்து, வெட்டியதைக் கட்டாகக் கட்டி, கை தட்டிக்கொண்டு உள்ளே வந்தோம். மல்லிகையைக் கழிக்கும் காலம் நவம்பர் கடைசி. தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டி, இலையை உருவி, எரு வைத்து, காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் மாசி பங்குனியில் துளிர்த்து அரும்பு கட்டும். ஆக, நாம் வெட்டியது புதரை அன்று. அந்த வருடத்துப் பூவை. கட்டாகக் கட்டிய குச்சிகளில் அரும்பு இருந்ததை முதலில் கண்டவர் நெறியாளர். அன்றைய கலந்துரையாடல் இக்கட்டுரையின் வரம்புக்கு அப்பாற்பட்டது. அந்தச் சித்திரை முழுவதும் முழம் போட்டுப் பூ வாங்கிய செலவு, குடும்பப் பேரேட்டில் ஆய்வாளர் பெயரில் பற்று எழுதப்பட்டிருக்கிறது.

முருங்கைக் கதை வேறு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கையை, ஒரு பருவம் காய்த்து ஓய்ந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட்டால் நான்கைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். இது நிறுவப்பட்ட முறை. நம் முருங்கை அந்த இனந்தானா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தாலும், அதன்மேல் ஏறி வெட்ட முடியாது என்பதில் வேறுபாடு இல்லை. முருங்கைக் கிளை காயைத் தாங்கும், கணக்கரைத் தாங்காது. ஆள் பிடித்தோம். அவர் வந்து அண்ணாந்து பார்த்து, ஒரு தொகை சொல்லி, அரை மணியில் வெட்டித் தள்ளிவிட்டு அரிவாளைத் துடைத்துக்கொண்டார். விழுந்த கிளைகள் கொல்லை முழுவதும் பரந்து, பின்கதவைத் திறக்க முடியாமல் கிடந்தன.

“அண்ணே, இதை யாரு எடுக்கிறது?”

“கழிக்கிறதுக்குத்தான் சார் பேசினோம். அள்ளுறது தனி.”

மேலே கழித்தால் கீழே கூடும் என்னும் விதி இவ்வாறு நிறுவப்பட்டது. 90 செ.மீ. உயரத்தில் வேதாளம் ஏறுவதற்கு இடமிருக்குமா, இல்லாவிட்டால் அது எங்கே போகும் என்று ஒரு துணைக் கேள்வியும் எழுந்தது. அன்றிரவு ஆய்வாளர் விழித்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பெருக்கல்

கணக்கில் பெருக்கல் கடினம், கொல்லையில் அதைத் தடுப்பது கடினம். வெட்டிப் போட்ட முருங்கைக் கிளையில் கனமான துண்டைப் போத்தாக ஊன்றினால் துளிர்க்கும். செம்பருத்திக் குச்சி அப்படியே. மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணுக்குள் பதியன் போடலாம். கறிவேப்பிலை தன் வேரிலிருந்து தானே கன்று விடும். வாழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. அதற்கு வகுப்பெடுக்கும் தகுதி உண்டு.

சிக்கல், பெருகியவை போய்ச் சேரும் இடத்தில் தொடங்குகிறது. ஒரு கறிவேப்பிலைக் கன்றைத் தெருவில் ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்த வாரம் இருவர் கேட்பார்கள். கொடுத்த கன்று பட்டுப்போகும். அது பட்டதற்குக் கொடுத்தவர் கை ராசி காரணம் என்று தீர்ப்பாகும். பட்டவர் மறுபடி நம் வீட்டிலேயே கொத்துக் கொத்தாக ஒடித்துக்கொண்டு போவார். அதில் தவறில்லை, கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்குவதைக் கௌரவக் குறைவாகக் கருதும் சமூகம் இது. காய்கறிக் கடையிலும் அது கொசுறு.

காரிநாயனார் செய்த கணக்கதிகாரம் என்னும் பழைய தமிழ்க் கணக்கு நூலில், பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணும் வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். அவ்வளவு நுட்பமாகக் கொல்லையைப் பார்த்த மரபு நம்முடையது. மரத்தில் உள்ள இலையைப் பார்த்து நாளைக்குக் கூட்ட வேண்டிய கூடைகளை அறிய ஒரு வாய்பாடு யாரேனும் எழுதி உதவினால், இக்கட்டுரையின் அடுத்த பதிப்பில் நன்றியுடன் சேர்த்துக்கொள்ளப்படும்.

வகுத்தல்

பாத்தி வகுப்பது முதல் வேலை. சித்திரையில் தண்டுக்கீரை வேண்டுமென்றால் பங்குனியிலேயே மண்ணைக் கொத்தி, எருவிட்டு, பாத்தி கட்டி, விதைக்க வேண்டும். கீரை விதை ஒரு கிராமில் ஆயிரத்துக்குமேல் இருக்கும். அதை அப்படியே தூவினால் ஒரே இடத்தில் விழும் என்பதால் மணலோடு கலந்து தூவுவார்கள். தூவினோம். எறும்பு வந்து மணலை விட்டுவிட்டு விதையை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு போயிற்று. அவ்வளவு சுத்தமான வகுத்தலைப் பள்ளிக்கூடத்தில்கூடப் பார்த்ததில்லை. மீதி, மணல்.

தண்ணீரை வகுப்பது அடுத்தது. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று புள்ளிக்குப் பின் இரண்டு இடம் வரை தீர்த்துச் சொல்லிவிட்டது. எங்கள் வீட்டு மேல்தொட்டியில் மல்லிகைக்கு எவ்வளவு, துவைக்கிற கல்லுக்கு எவ்வளவு என்பது இன்னும் நிலுவையில் இருக்கிறது. ரப்பர் குழாய் பற்றியும் ஒரு சொல். எவ்வளவு நீளம் வாங்கினாலும் கடைசிச் செடிக்கு ஒரு முழம் முன்னால் அது முடிந்துவிடும். பத்து அடி கூட்டி வாங்கிய வருடம், நெறியாளர் பத்து அடி தள்ளி ஒரு கனகாம்பரம் நட்டார்.

ஆனால் வகுத்தலில் ஆய்வாளர் மிகக் கவலைப்பட்டது மதிலைப் பற்றித்தான். முப்பது வருடம் பேரேடு பார்த்த கண்ணுக்கு அது பொருந்தாக் கணக்காகவே உறுத்திக்கொண்டிருந்தது. மரம் நம்முடையது. சருகில் பெரும்பங்கு பெரியம்மா பக்கம். கூட்டும் உழைப்பு அவருடையது. இவ்வளவுக்கும் மேலே, சித்திரை முதல் தேதி காலையில் மதில்மேல் ஒரு பொட்டலம் வைப்பார்: வெயிலில் பதமாகக் காயவைத்த வேப்பம்பூ. வருடப் பிறப்புப் பச்சடிக்கு ஒரு கை, பிறகு வருடம் முழுவதும் ரசத்துக்கு. நெய்யில் வறுத்தால் வீடே மணக்கும். பாண்டிய மன்னர்கள் குடிப்பூவாகச் சூடியதை இவ்வளவு சிரத்தையாகக் காயவைத்துத் தருகிற அந்த மனசுக்கு நாங்கள் பதிலுக்குக் கொடுத்தது நாலு முருங்கைக்காய். வரவு வைப்பதா, பற்று வைப்பதா என்றே தெரியாத கடன் அது. நம் பக்கத்தில் உதிர்ந்த பூவையெல்லாம் சருகோடு சருகாகக் கூட்டிக் குழியில் போட்டுக்கொண்டே, பூ எங்கே கிடைக்கிறது பெரியம்மா என்று கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தது உண்டு.

இந்தச் சித்திரையில் கேட்டுவிட்டோம். கூடவே, சருகுக்காக மன்னிப்பும் கேட்டு, கிழக்குக் கிளையை வேண்டுமானால் அடுத்த மாசியில் கழித்துவிடுவதாகவும் சொன்னோம்.

மதிலுக்கு மேல் தெரிந்த தலை ஒரு கணம் அசையாமல் நின்றது. அவர் கையில் அந்தப் பழைய வேட்டி நான்காக மடித்து இருந்தது. மடிப்பில் இரண்டு மூன்று வெள்ளைப் பூ ஒட்டியிருந்தது.

“ஐயையோ, கிளையிலே கையை வச்சிடாதீங்க தம்பி. உங்க மரத்துப் பூதானே அது? இத்தனை வருஷமாச் சருகு கூட்டுறேன்ல, அந்தக் கூலியிலே பூவைக் கழிச்சுக்கிட்டு வரேன். எனக்குப் போக மிச்சத்தைத்தான் உங்களுக்கு வைக்கிறேன். இந்த வருஷம் பச்சடிக்குக் காணுமா, இன்னும் ஒரு கை தரட்டுமா?”